வின்ட்சர் கல்யாணத்தில் அம்மா பார்த்தது

வணக்கம், எல்லாரும் நல்லா இருக்கிறீர்களா? இன்றைக்குக் கொஞ்சம் பழைய கதை. 2018 மே 19, சனிக்கிழமை. இளவரசர் ஹாரிக்கும் மேகன் மார்க்கிளுக்கும் வின்ட்சர் கோட்டையில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் கல்யாணம். அங்கே பகல் 12 மணி, நமக்குச் சாயங்காலம் நாலரை. நானும் அம்மாவும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டோம்.

எனக்கு மேகன் தலையில் போட்டிருந்த நெட்டைப் பார்க்கத்தான் ஆசை. 5 மீட்டர் நீளம். காமன்வெல்த் நாடுகள் 53-க்கும் ஒவ்வொரு பூ, எல்லாம் கைவேலை. நம் தாமரையும் உண்டு, இலங்கையின் நீலோற்பலமும் உண்டு. அழுக்குப் படக் கூடாது என்று தைத்தவர்கள் அரை மணிக்கு ஒரு தடவை கை கழுவினார்களாம்.

அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. "அந்தம்மா மூக்குத்தி போட்டிருக்காங்க பாரு" என்றார். பெண்ணின் அம்மா, டோரியா ராக்லண்ட். வெளிர்பச்சை உடை, தொப்பிக்குள் அடக்கிய சடைமுடி, மூக்கில் பொடி மூக்குத்தி. கொஞ்ச நேரம் கழித்து, "பக்கத்துல யாருமே இல்லையே?" என்று கேட்டார். மேகனின் அப்பாவுக்கு இதய சிகிச்சை, அதனால் வரவில்லை. பெண் வீட்டுச் சொந்தம் என்று அங்கே டோரியா ஒருவர்தான்.

அம்மா ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். அக்கா கல்யாணத்தில் அப்பா இல்லை. சித்தப்பாவும் சித்தியும்தான் தாரை வார்த்தார்கள். மேடைக்கு வர வேண்டாம் என்று அம்மாவிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவராகவே போய்த் தூண் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கெட்டிமேளம் கொட்டியபோது எல்லாரும் அட்சதை போட்டார்கள். அம்மா கையை மூடியபடியே இருந்தார். அப்புறம் அந்த அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டார். நான் பார்த்தேன்.

சரி, டிவிக்கு வருகிறேன். அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பின ஆயர் மைக்கேல் கரி, ராணிக்கு முன்னால் நின்று மார்ட்டின் லூதர் கிங்கைச் சொன்னார், அடிமைகள் பாடிய பாட்டுகளைச் சொன்னார். அரச குடும்பத்தில் சிலர் திகைத்துப் போனதை கேமரா அப்படியே காட்டியது. அப்புறம் காஸ்பெல் என்ற கிறிஸ்தவப் பக்திப் பாட்டுப் பாடும் குழு, 19 வயதுக் கறுப்பினப் பையன் வாசித்த செல்லோ (பெரிய வயலின் மாதிரி இருக்கும்). அந்த இடத்தில் தங்களைப் போன்ற முகங்களைப் பார்த்து அழுதோம் என்று பிரிட்டனின் கறுப்பினப் பெண்கள் பலர் சொன்னார்கள். வின்ட்சரில் கூடியவர்களே ஒரு லட்சத்துக்கு மேல். கோபமும் இருந்தது. தெருவில் படுப்பவர்கள் மேல் கல்யாணத்துக்கு முன்பே நடவடிக்கை எடுங்கள் என்று அந்த ஊர் கவுன்சில் தலைவர் போலீசுக்கு எழுதியிருந்தார். மக்கள் கோபப்பட்டது நியாயம்தான்.

அம்மாவுக்கு மனதில் நின்றது வேறு. பதிவேட்டில் கையெழுத்துப் போட உள்ளே போகும் நேரம். மாப்பிள்ளையின் அப்பா சார்லஸ், டோரியா பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். அவரும் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். "கூப்பிட்டுட்டாங்க" என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார். ஆனால் சாயங்காலம் முழுக்க, அந்தக் காட்சியை மறுபடி போடுகிறார்களா என்று சேனலை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், வருகிற தை மாதம் எனக்குக் கல்யாணம். என்னைத் தாரை வார்த்துக் கொடுக்கப்போவது அம்மாதான். ஐயர் கொஞ்சம் யோசித்தார், பிறகு சரி என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டிலும் சம்மதம். பெரியப்பாதான் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாளைக்கு அம்மாவுக்குப் புடவை எடுக்கப் போகிறோம், அந்த வீடியோவையும் போடுகிறேன்.