ஏழைக்காக வாதாட அரசே ஆள் அமர்த்தட்டும்

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் அவர்களே, மட்டக்களப்பின் அவையோர்களே, வணக்கம்.

குற்றஞ்சாட்டப்பட்ட வறியவரைக் காக்க வல்லவர் அரசு சம்பளம் கொடுத்து முழுநேரமாக அமர்த்தும் பாதுகாப்புச் சட்டத்தரணியா, மனமுவந்து இலவசமாக வாதாட வரும் தனியார் சட்டத்தரணியா என்பது இன்றைய வழக்கு. நான் முன்னவருக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் இரக்கத்தின் பெருமையை மனமுருகப் பேசினார். கட்டணம் வாங்காமல் வாதாடிய சட்டத்தரணிகளை இந்த ஊரும் கண்டிருக்கிறது. அவர்களை வணங்கிவிட்டே என் மறுப்பைத் தொடங்குகிறேன். இரக்கம் உள்ளவருக்கும் ஓய்வு நாள் உண்டு, வயிற்றுப்பாடு உண்டு, அன்று காலை வேறு நீதிமன்றத்தில் பணம் கொடுத்த கட்சிக்காரர் காத்திருப்பதும் உண்டு. ஆனால் நீதவான் நீதிமன்றம் ஒவ்வொரு வேலைநாளும் கூடுகிறது. ஏழையின் வழக்கு பெரும்பாலும் முதல் நாளிலேயே திசை மாறிவிடுகிறது.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அனுமதிப்பத்திரம் இன்றி மணல் ஏற்றிய உழவு இயந்திரம் பிடிபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் முதலாளியுடையது, கூண்டில் ஏறுபவரோ நாட்கூலிக்கு அதை ஓட்டியவர். கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். விசாரணை முடியவில்லை என்று பொலிஸார் சொன்னால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை ஒரு தடவைக்கு 15 நாட்கள் வரை விளக்கமறியலில் வைக்க இடமளிக்கிறது. பிணை கிடைத்தாலும், சரீரப் பிணைக்கு வருபவர் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்று பெற்று வரவேண்டும் என்பதை அவர் வீட்டுப் பெண்ணுக்கு யாரும் முதல் நாளே சொல்லாததால், பிணைக் கட்டளை கிடைத்த பிறகும் கைதானவர் சிறையிலேயே இருக்க நேரிடும். இதற்குப் பெரிய வாதத்திறமை தேவையில்லை. காலையில் நீதிமன்றம் கூடும் வேளையில் அங்கே இருக்கும் ஒரு சட்டத்தரணி போதும்.

அப்படி ஒருவர் இல்லாதபோது நடப்பது இன்னும் மோசமானது. மணல் வழக்கோ கசிப்பு என்னும் கள்ளச்சாராய வழக்கோ, தவணைக்குத் தவணை கூலியை இழந்து அலைவதைவிடத் தண்டப்பணத்தைக் கட்டிவிடலாம் என்று எண்ணி, செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டு வெளியே வருபவர்கள் இருக்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்து வெளிநாட்டு வேலைக்காகப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கும் போதுதான் அந்த ஒப்புதலின் விலை அவர்களுக்குத் தெரியவருகிறது. இலவசமாக வர ஒருவர் மனம் வைப்பதற்கு முன்பே அந்த வழக்கு முடிந்துவிடுகிறது, நடுவர் அவர்களே.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நமது கல்குடாத் தொகுதியின் உறுப்பினர் கே. டபிள்யூ. தேவநாயகம் நீதி அமைச்சராக இருந்த 1978இல்தான் சட்ட உதவிச் சட்டம் வந்தது. சட்ட உதவி ஆணைக்குழு அதன்படியே இயங்குகிறது. சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்துக்காக இயற்றப்பட்ட 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, நீதியின் நலன் வேண்டும் இடத்தில் வசதியற்ற குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் கட்டணமின்றிச் சட்டத்தரணி ஒதுக்கப்பட வேண்டும் என்கிறது. ஆனால், மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் வாசிக்கப்படும் கட்டத்தில் ஒதுக்கப்படும் சட்டத்தரணியின் கைக்கு வழக்கு வரும்போது, வாக்குமூலம் எப்போதோ எழுதி முடிந்திருக்கும்.

1993இல் மட்டக்களப்பில் கைதான ஒரு தமிழரின் வழக்கு இதற்குச் சான்று. சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் அவர் பெருவிரல் அடையாளம் வைத்திருந்தார்; பயங்கரவாதத் தடைச் சட்டம் அதைச் சான்றாக ஏற்க இடமளித்ததால், அதன் பலத்திலேயே 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் 35 ஆண்டுகளாகக் குறைந்தது. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு அவருக்கு நியாயமான விசாரணை மறுக்கப்பட்டது என்று கண்டது. பெருவிரலை மையில் தோய்க்கும் முன் பொலிஸ் நிலையத்துக்குள் நுழையும் உரிமையும் கடமையும் கொண்ட ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்பதே என் வாதம். நற்குணத்துக்குக் கதவைத் திறக்க எந்தப் பொறுப்பதிகாரிக்கும் கடப்பாடு இல்லை. சட்டம் தந்த பதவிக்கு உண்டு.

அரசின் சோறு உண்பவர் அரசை எதிர்ப்பாரா என்று எதிரணித் தலைவர் கேட்டு, பலத்த கைதட்டலும் பெற்றார். நீதவானும் அரசிடமே சம்பளம் பெறுகிறார். அதற்காக அவர் பொலிஸாரின் கோரிக்கையை மறுக்கும் நாட்களை நாம் ஐயுறுவதில்லை. சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, பதவியிலிருந்து யார் நீக்கலாம் என்பதே முக்கியம். பாதுகாப்புச் சட்டத்தரணியை, அரசுக்காக வழக்குத் தொடரும் சட்டமா அதிபர் திணைக்களத்துக்குக் கீழே வைக்காமல், தனிச் சபையின் கீழ் வைத்தால் அந்த அச்சத்துக்கு இடமில்லை.

அவரிடம் வழக்குக் கோவைகள் மலையாகக் குவியும் என்ற அவர்களின் அடுத்த குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. 1914இல் லொஸ் ஏஞ்சல்ஸில் இத்தகைய முதல் அலுவலகத்தைத் திறந்த அமெரிக்காவிலேயே அது தீராத நோய். ஒருவருக்கு ஆண்டுக்குப் பாரிய குற்ற வழக்குகள் 150க்கு மேலோ, சிறு குற்ற வழக்குகள் 400க்கு மேலோ கூடாது என்று 1973இல் அங்கு ஒரு தேசிய ஆணைக்குழு வரம்பு சொன்னது. பல நகர நீதிமன்றங்களில் அந்த வரம்பு மீறப்பட்டது. ஆகவே அந்த வரம்பை வெறும் அறிவுரையாக விடாமல் சட்டத்திலேயே எழுதி, மட்டக்களப்பு, வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என ஒவ்வொரு நீதவான் நீதிமன்றத்துக்கும் ஒரு பாதுகாப்புச் சட்டத்தரணியை நியமித்து, வரம்பைத் தாண்டிய கோவையை ஏற்க மறுக்கும் அதிகாரத்தையும் அவருக்கே கொடுங்கள் என்று எங்கள் அணி கேட்கிறது.