பென்சில் நிற்கும் இடம்

நடுவர் அவர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெற்றோர்களே, எனக்கு முன்னால் பேசி உங்கள் கைத்தட்டலையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்ட எதிரணித் தோழி அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி டியூஷன் துணையா, சுமையா?’ என்பது தலைப்பு. ‘சுமையே’ என்று பேசிய தோழி ஒரு காட்சியை விவரித்தார். பள்ளி விட்டு வந்த பிள்ளை காப்பியை வாயில் ஊற்றிக்கொண்டு மறுபடியும் பையைத் தூக்குகிறது. மொட்டை மாடியில் தகரக் கொட்டகை. அதற்குள் அறுபது பேர். மைக் வைத்துப் பாடம் நடக்கிறது. கேட்டவுடன் நானும் உருகித்தான் போனேன், நடுவர் அவர்களே. ஆனால் அவர் விவரித்தது சாயங்காலத்தில் நடக்கும் இன்னொரு பள்ளிக்கூடத்தை. அதைத் தாராளமாகத் திட்டட்டும், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன். நான் பேச வந்தது ஒரு பிள்ளை, பக்கத்தில் ஒரு ஆசிரியர், நடுவில் ஒரு நோட்டு, இவ்வளவைப் பற்றித்தான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 503இலிருந்து 278ஐக் கழிக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 375 என்று எழுதுகிறாள். சரியான விடை 225. பள்ளியில் அந்த நோட்டில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழும். ஓரத்தில் ‘கவனம் தேவை’ என்று எழுதியிருக்கும். வீட்டில் அப்பா அதைப் பார்த்துவிட்டு, “கவனம் எங்கே போகிறது?” என்று கத்துவார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு வேறொன்று தெரியும். மூன்றில் எட்டு போகாது. அதனால் எட்டில் மூன்றைக் கழித்து ஐந்து போடுகிறாள். பூஜ்யத்தில் ஏழு போகாது. ஏழை அப்படியே கீழே இறக்குகிறாள். ஐந்தில் இரண்டு போனால் மூன்று. ஆக 375. இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? எந்த வரிசையாக இருந்தாலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று தானாக ஒரு விதியை வகுத்துக்கொண்டு, அதை அணுவளவும் பிசகாமல் கடைப்பிடிக்கிறாள். கடன் வாங்கப் போன இடத்தில் பூஜ்யம் இருந்தால் அதற்கும் அடுத்த வீட்டுக்குப் போய் நூறை உடைத்து வாங்க வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரியாதது. அதைச் சொல்லிக்கொடுத்த அன்று அவள் காய்ச்சலில் படுத்திருந்திருக்கலாம். முடிந்த விடையை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. எழுதும்போது பென்சில் எந்த இடத்தில் தயங்கி நிற்கிறது என்று ஒருவர் பார்க்க வேண்டும்.

“அப்படியானால் பள்ளி ஆசிரியர் பார்க்கவில்லை என்று குற்றம் சாட்டுகிறீர்களா?” என்று எதிரணி துள்ளும். இல்லை ஐயா, அவரால் முடியாது என்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. சட்டம் சொல்லும் எண்ணிக்கையே இவ்வளவு. முக்கால் மணி நேரப் பீரியடை 35 பேருக்குப் பங்கு பிரித்தால் ஆளுக்கு ஒன்றேகால் நிமிடம் வரும். வருகைப் பதிவு எடுத்து, கடைசி பெஞ்சை அமைதிப்படுத்திய பிறகு அதிலும் எவ்வளவு மிஞ்சும் என்று இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்களைக் கேளுங்கள். தெய்வமே வந்து நின்றாலும் 35 பென்சில்களை ஒரே நேரத்தில் பார்க்க முடியாது.

1984இல் பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தனியாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பறையில் படித்தவர்களில் 98 விழுக்காட்டினரை முந்தினார் என்பது அதன் சாரம். பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய பலன் கிடைக்கவில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எதிரணியில் அடுத்து வருபவர் அதை வைத்தே ஐந்து நிமிடம் ஓட்டிவிடுவார். பாதிக்கு மேல் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள், மிஞ்சுவதே எனக்குப் போதும்.

“இதெல்லாம் இந்தக் காலத்துப் பேராசை, நம் முன்னோர் டியூஷனா வைத்தார்கள்?” என்று தோழி கேட்டார். வைத்தார்கள், அம்மா. உ.வே.சாமிநாதையரின் தந்தையார் வேங்கட சுப்பையர் ஒரு சங்கீத வித்துவான். கையில் நிலையான வருமானம் இல்லை. மகனுக்குத் தமிழ் மேல் ஆசை. குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று சொல்லித்தர ஆள் இருந்த ஊருக்கெல்லாம் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போனார். கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். சங்க நூல்கள் அச்சேறிய வரலாற்றுக்குப் பின்னால் இப்படி அலைந்த ஒரு தகப்பனார் இருக்கிறார். இன்று மகளுக்கு ஒரு கணக்கு ஆசிரியரைத் தேடி நாலு தெரு விசாரிக்கும் அம்மாவைப் பேராசைக்காரி என்கிறோம்.

ஒரு விஷயத்தில் எதிரணியோடு எனக்குச் சண்டையே இல்லை. பகலில் வகுப்பில் பாதி சொல்லிவிட்டு மீதிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வா என்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனியார் டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. தடையை மீறுகிறவர் மீது நடவடிக்கை எடுங்கள். அதற்காக, வேலை தேடிக்கொண்டிருக்கும் எதிர்வீட்டு பி.எட். பட்டதாரியையும், ஓய்வு பெற்ற தமிழாசிரியரையும் ஏன் அதே கூண்டில் ஏற்றுகிறீர்கள்?

சுமை எப்படி வருகிறது தெரியுமா? ஏற்பாடு செய்யும் விதத்தில் வருகிறது. ஆசிரியர் வந்த முதல் நாள் நாம் என்ன காட்டுகிறோம்? மதிப்பெண் அட்டையை! “அறுபது வாங்குகிறான், தொண்ணூறு ஆக்கிவிடுங்கள்” என்கிறோம். பாவம், அவர் வேறு என்ன செய்வார்? கைடு வாங்கி உருப்போட வைப்பார். பழைய விடைத்தாள்களை எடுத்து அவர் முன் வையுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு பத்து நிமிடம் பேசி, எங்கே தடுக்கிறது என்று கேட்டு வையுங்கள். எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம், தடுக்கிற பாடத்துக்கு மட்டும், வாரம் இரண்டு நாள். பாடம் கூடத்தில் நடக்கட்டும். கதவு திறந்திருக்கட்டும், பெரியவர் ஒருவர் கண்ணில் படும் தூரத்தில் இருக்கட்டும். வருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதில் சமரசம் கூடாது. நல்லவர் இதற்குக் கோபித்துக்கொள்ளவும் மாட்டார். அப்புறம், எப்போது நிறுத்துவது என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். “இனி இவளே போட்டுக்கொள்வாள், நான் தேவையில்லை” என்று எந்த ஆசிரியர் தானாகச் சொல்கிறாரோ, அவர் முகவரியைத் தயவுசெய்து பத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

பணம் உள்ளவனுக்குத்தானே இது என்ற கேள்விக்கு இந்த அரங்கில் பலத்த கைத்தட்டல் கிடைத்தது. நியாயமான கேள்விதான். தமிழக அரசு அதற்கு என்ன செய்தது என்று பாருங்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. தெருவிலேயே இருக்கும் தன்னார்வலர், சுமார் இருபது பிள்ளைகள், மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் வகுப்பு. அந்தத் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. டியூஷன் சுமை என்றால், அந்தச் சுமையை அரசாங்கமே ஏன் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியது? பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டிய தேவை ஏழைப் பிள்ளைக்குத்தான் அதிகம் என்று தெரிந்ததால்தானே! வசதி இல்லாதவனுக்குக் கிடைக்கவில்லை என்றால், அவனுக்கும் கொடு என்று கேட்பதுதான் முறை. உள்ளவனிடமிருந்தும் பிடுங்கு என்பது என்ன நியாயம்?

நடுவர் கை மணியை நோக்கிப் போவது தெரிகிறது. எதிரணியில் அடுத்து வருபவருக்கு ஒரே ஒரு கேள்வி. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. நல்ல ஏற்பாடு, வரவேற்கிறேன். ஆனால் மூன்றாம் வகுப்பில் விட்டுப்போன கழித்தலும் பிள்ளையோடு சேர்ந்தே ஒவ்வொரு வகுப்பாகத் தேர்ச்சி பெற்று வருகிறது. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் இயற்கணிதத்தை முடித்தாக வேண்டும். அந்தப் பழைய கழித்தலை அவளுக்கு எந்தப் பீரியடில், யார் சொல்லிக்கொடுப்பது? கால அட்டவணையில் அந்த இடத்தைத் தோழர் காட்டட்டும், நான் இப்போதே அணி மாறிப் போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். நன்றி, வணக்கம்.