காரின் ரூஃப் துணி தொங்குகிறதா? பசையைக் குறை சொல்லாதீர்கள்

[காட்சி: காரின் பின் இருக்கை. கூரைத் துணி தொந்திபோல் இறங்கியிருக்கிறது. ஒரு கை அதை மேலே அழுத்துகிறது. கையை எடுத்ததும் துணி மறுபடி இறங்குகிறது.]

பண்ணாரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சத்தியமங்கலம் தாண்டியதும் பின் இருக்கையிலிருந்து ஆத்தா கேட்டார்: “ஏன் கண்ணு, காருக்குள் எதற்குக் கொசுவலை கட்டி வைத்திருக்கிறாய்?” சிரித்துக்கொண்டே நடுக் கண்ணாடியைப் பார்த்தேன். ஆத்தாவின் முகமும் தெரியவில்லை, பின்னால் வந்துகொண்டிருந்த லாரியும் தெரியவில்லை. துணிதான் தெரிந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஊசி போட்ட சிரிஞ்சில் பசையை நிரப்பி, துணியைக் குத்திக் குத்தி உள்ளே செலுத்தி, கையால் அழுத்திவிட்டேன். பத்து நாள் நின்றது. சித்திரை வெயில் ஏறியதும் துணி மறுபடி இறங்கியது; போதாததற்கு அம்மைத் தழும்புபோல் பசைக்கறை வேறு.

[காட்சி: கழற்றிய கூரைப் பலகையின் ஓரம், மிக அருகில். துணியின் பின்பக்கத்தை விரலால் தேய்க்க, மஞ்சள் தூள் உதிர்கிறது.]

இந்தத் தூளைப் பாருங்கள். கோளாறு இங்கேதான் இருக்கிறது.

காரின் உட்கூரை மூன்று அடுக்கு. மேலே, தகரத்தை ஒட்டி, அழுத்திச் செய்த நார்ப் பலகை. கீழே நம் கண்ணுக்குத் தெரியும் துணி. இரண்டுக்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் கனத்தில் பாலியூரித்தேன் ஃபோம். பசை பிடித்திருப்பது பலகையையும் ஃபோமையும். துணி ஃபோமோடு சேர்ந்தே வருகிறது. வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் வெளியில் இருப்பதைவிட 20 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். தகரத்துக்கு நேர் கீழே அதைவிட அதிகம். இந்தச் சூடும் காற்றின் ஈரமும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஃபோமின் மூலக்கூறுப் பிணைப்புகளை அறுத்துவிடுகின்றன. ஃபோம் தூளாகிறது. பசை பலகையோடு நன்றாகத்தான் இருக்கிறது. அது பிடித்துக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. தூளின்மேல் எந்தப் பசையை ஊற்றினாலும் மணலில் கோலம் போட்ட கதைதான்.

ஆகவே பலகையைக் கழற்றியாக வேண்டும். வேறு வழி இருந்தால் நானே முதலில் அதைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

(அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் பலகை கிடையாது. வளைந்த கம்பிகளில் துணியைக் கோத்து இழுத்துக் கட்டியிருப்பார்கள். அது தனி வித்தை. அதை நல்ல குஷன் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.)

[காட்சி: நாமக்கல் முட்டை அட்டை ஒன்று. குழிகளில் திருகாணிகள், கிளிப்புகள். ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் பேனாவால் எழுதிய குறிப்பு.]

கழற்றும் முன் பேட்டரியின் நெகடிவ் முனையை எடுத்துவிடுங்கள். கதவுகளுக்கு மேலே கூரையோரத்தில் ஏர்பேக் இருக்கும் கார் என்றால் இந்த வேலையில் நீங்கள் இறங்கவே வேண்டாம். அது விவரம் தெரிந்தவர் தொட வேண்டிய இடம். என் காரில் அது இல்லை.

கூரை விளக்கு, சன் வைசர், கைப்பிடிகள், கதவோர ரப்பர் பீடிங், கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண்களை மூடியிருக்கும் பிளாஸ்டிக், இவ்வளவும் வெளியே வர வேண்டும். கைப்பிடியின் திருகாணி சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும். இருபது வயது பிளாஸ்டிக் கிளிப் அப்பளம் மாதிரி. இரும்புத் திருப்புளியால் நெம்பினால் உடையும். துணி சுற்றிய மரத் தோசைத்திருப்பி போதும். அப்படியும் எனக்கு மூன்று கிளிப்புகள் உடைந்தன. கோவை உக்கடத்தில் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் கிடைக்கும். உடைந்ததை மாதிரிக்குக் கையில் கொண்டு போங்கள்.

பலகையை இறக்க இரண்டு பேர் வேண்டும். முன் இருக்கைகளை முழுக்கச் சாய்த்து, டிக்கி கதவு வழியாக நீளவாக்கில் உருவுங்கள். டிக்கி தனியாக இருக்கும் காரில் முன் பக்கக் கதவுதான் வழி. மடக்கிவிடாதீர்கள். ஒரு முறை மடிந்த பலகையில் அந்த மடிப்புக் கோடு புதுத் துணியின்மேலும் தெரியும்.

[காட்சி: தென்னை மர நிழலில் இரண்டு ஸ்டூல்களின்மேல் பலகை. முகக்கவசம் அணிந்தவர் பிரஷ்ஷால் தேய்க்கிறார்.]

துணியை உரிப்பது ஒரு நிமிட வேலை. மிச்சமிருக்கும் ஃபோமைச் சுரண்டுவதில்தான் பொறுமை தெரியும். எனக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. துணி துவைக்கும் நைலான் பிரஷ் எடுங்கள். கம்பி பிரஷ் பலகையின் நாரையே பிய்த்துவிடும். முகக்கவசம் கட்டாயம். தடவிப் பார்த்தால் கையில் ஒரு துகள்கூட வரக் கூடாது. இங்கே சோம்பினால் மேலே சொன்ன சிரிஞ்சு வேலைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

பலகையில் நீர்க்கறை தெரிந்தால் நின்று யோசியுங்கள். ஆன்டெனா அடியிலோ கூரைப் பள்ளத்திலோ ஒழுகுகிறது என்று அர்த்தம். முதலில் அந்த ஒழுக்கை அடைத்துவிடுங்கள்.

இப்போது துணி. நம் பக்கத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும் என்று தெரியும்: “திருப்பூரில் இருந்துகொண்டு இதற்குக் காசு கொடுத்துத் தனித் துணி வாங்குவதா? கரூர் திரைச்சீலைத் துணி வீட்டில் கிடக்கிறதே?” கேள்வி நியாயமானது. பதிலும் நம் ஜவுளித் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது.

[காட்சி: ஒரு கையில் தறித் துணி, இன்னொரு கையில் பின்னல் துணி. இரண்டையும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் போர்த்திக் காட்டுகிறார். தறித் துணி சுருக்கம் விழுகிறது.]

கரூர்த் துணி தறியில் நெய்தது. பாவு என்னும் நெடுக்கு நூலும் ஊடை என்னும் குறுக்கு நூலும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பதால் அது நீளாது. கூரைப் பலகை தட்டை அல்ல. விளக்குக்கு ஒரு குழி, வைசருக்கு ஒரு பள்ளம், ஓரமெல்லாம் வளைவு. நீளாத துணி அங்கே சுருங்கும். பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னியது. எந்தப் பக்கமும் நீளும். ஆனால் அதன் பின்னால் ஃபோம் இல்லை. பசை ஊறி வெளியே கறையாகத் தெரியும், பலகையின் ஒவ்வொரு மேடும் துருத்தும். நமக்கு வேண்டியது பின்னல் துணியின் முதுகில் 3 மில்லிமீட்டர் ஃபோம் ஒட்டி வருவது. சீட் கவர் தைக்கும் கடையில் ரூஃப் லைனிங் துணி என்று கேளுங்கள். சின்னக் காருக்கு 2 மீட்டர் போதும். சுற்றிலும் நான்கு விரல் அதிகம் விட்டு வெட்டுங்கள்.

பசைக்கு வெள்ளைப் பசையை மறந்துவிடுங்கள், அது மரத்துக்கு. சூடு தாங்கும் செயற்கை ரப்பர் பசை வேண்டும். அது தீப்பிடிக்கும் சரக்கு. பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் ஆகாது. மூடிய அறையும் ஆகாது.

நாளும் பார்க்க வேண்டும், பஞ்சாங்கத்தில் அல்ல. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நிற்காமல் உங்கள் பசையின்மேல் புழுதியையும் கொண்டு வந்து போடும். மழை ஈரத்தில் பசை வெளுத்துப் பிடிப்பு குறையும். உச்சி வெயிலில் ஒட்டும் முன்னரே காய்ந்துவிடும். மாசி மாதக் காலை, பத்து மணி, நிழல்: எனக்கு அது சரியாக வந்தது.

[காட்சி: பாதி மடித்துப் போட்ட துணி. பலகையின் திறந்த பாதியில் பசை பூசப்படுகிறது.]

துணியை நேராக விரித்து, பாதியைத் திருப்பி மடியுங்கள். தெரியும் பலகைப் பாதியிலும் ஃபோமிலும் மெல்லியதாகப் பசை பூசுங்கள். கட்டி கட்டியாக நிற்கக் கூடாது. நிறையப் பூசினால் ஃபோமைத் தாண்டி ஊறும். பிறகு சும்மா இருங்கள். பசை விரலில் ஒட்டாமல், ஆனால் விரலைப் பிடித்து இழுக்கும் பதம் வரும் வரை தொடக் கூடாது. என் வேலையில் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று.

நடுவிலிருந்து ஓரத்துக்கு, உள்ளங்கையால் தடவி இறக்குங்கள். பள்ளம் வந்தால் முதலில் பள்ளத்தின் அடியைத் தொட்டு ஒட்டிவிட்டு அப்புறம் மேட்டுக்கு வாருங்கள். மாற்றிச் செய்தால் துணி பள்ளத்தின்மேல் பாலம் கட்டி நிற்கும். ஒரு கோடையில் அந்த இடம் விடும். தப்பாக ஒட்டிவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள், ஃபோம் கிழியும். மற்றப் பாதிக்கும் இதே வேலை. ஓரத்தை முதுகுப்பக்கம் மடித்து ஒட்டுங்கள். விளக்குத் துளையில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி, நான்கு நாக்குகளையும் உள்ளே மடியுங்கள்.

ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, கழற்றிய வரிசைக்கு நேர் எதிராக மாட்டுங்கள். விளக்கின் ஒயரைத் துளை வழியே வெளியே எடுக்க மறந்து எல்லாத் திருகாணியையும் முடுக்கியது யார் என்று கேட்காதீர்கள்.

[காட்சி: புதுக் கூரை. கண்ணாடிகள் ஒரு விரல் இறக்கிய கார், நிழலில்.]

பசை வாசம் போக மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் ஆத்தா ஏறி உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்து, கையால் ஒரு தட்டுத் தட்டினார். “ஏன் கண்ணு, இதே துணியில் ஒரு தலையணை உறை தைக்க முடியாதா?” மிச்சம் அரை மீட்டர் இருக்கிறது. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.