கான்கிரீட் வண்டி வருவதற்கு முன்னால்

வணக்கம். வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் நிறத்துக்கு ஆறு மாதம் யோசிப்பார்கள், அடியில் போடும் தளத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குவதே பெரிய விஷயம். டைல்ஸ் பிடிக்கவில்லையென்றால் பெயர்த்துவிடலாம். தளத்தை என்ன செய்வீர்கள்?

நான் சொல்வது, வீட்டின் அகலம் முழுக்க ஒரே பலகையாகக் கான்கிரீட் கொட்டி அதன் மேலேயே சுவர் எழுப்புகிறோமே, அந்தத் தளம். இதில் வம்பு என்னவென்றால் கழிவுக் குழாய், தண்ணீர்க் குழாய் எல்லாம் அடியில் புதைந்துவிடும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில், சுவரோடு சேர்ந்து நிற்கவேண்டிய கழிவறைக் குழாய் கொஞ்சம் தள்ளி நின்றது. ஒன்பது அங்குலச் சுவர், வரைபடத்தில் சுவரின் நடுக்கோட்டிலிருந்து அளவு கொடுத்திருந்தேன், குழாய் வைத்தவர் சுவரின் முகத்திலிருந்து அளந்துவிட்டார். நாலரை அங்குலம்தான் வித்தியாசம், அதற்காக இரண்டு நாள் தளத்தை உடைத்தோம், நடுவில் கம்பியையும் வெட்டி. தப்பு என்னுடையதுதான், எங்கிருந்து அளப்பது என்று நான் எழுதவில்லை.

அதனால் குழாய்க்கு மட்டும் தனியாக ஒரு வரைபடம் போடுங்கள். குழாய் வைத்ததும் வாயை மூடி, தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் அளவு நாடாவை பக்கத்தில் விரித்துவைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மண்ணுக்கு வருவோம். வேரும் மக்கிய இலையும் கலந்த மேல்மண் முழுவதும் போகவேண்டும். நிரப்புகிற மண்ணை ஒரே மூச்சில் கொட்டாமல் 15 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்து இடித்து இறுக்கவேண்டும். ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடிக்கிற களிமண் என்றால் மண் பரிசோதனை செய்து பொறியாளரைக் கேட்காமல் ஒரு கம்பிகூட வாங்காதீர்கள். மேலே ஜல்லி, அதன் மேல் பாலித்தீன் விரிப்பு. மண்ணின் ஈரம் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி மேலே ஏறும், ஜல்லியின் பெரிய இடைவெளியில் அது நின்றுபோகும், தப்பி வருவதை விரிப்பு பிடித்துக்கொள்ளும்.

கம்பி விஷயத்தில் மட்டும் யாரையும் நம்பாதீர்கள். "கீழே விரித்துவிடுவோம் சார், கொட்டும்போது கொக்கியால் தூக்கிக்கலாம்" என்பார்கள். தூக்குவார்கள், அடுத்த நிமிடமே அதன் மேலேயே நடப்பார்கள், கம்பி மறுபடி தரைக்குப் போய்விடும். முதலிலேயே கவர் பிளாக், அதாவது கம்பியைத் தாங்கி நிறுத்தும் சின்னக் கட்டைகள், அடியில் வைத்து, பொறியாளர் சொன்ன உயரத்தில் நிறுத்திவிடவேண்டும்.

அளவுக் கணக்கு சுலபம். 10 மீட்டருக்கு 10 மீட்டர், 15 சென்டிமீட்டர் கனம் என்றால் 15 கன மீட்டர், எடை சுமார் 36 டன். அடிமட்டம் சராசரியாக ஒரே ஒரு சென்டிமீட்டர் பள்ளமாக இருந்தாலும் இன்னொரு கன மீட்டர் அதிகம் விழுங்கும், கடைசி மூலையில் கான்கிரீட் பற்றாமல் எல்லாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் இதனால்தான். முந்தின நாளே மூலைக்கு மூலை நூல் பிடித்து, இரண்டு குறுக்களவும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள், வந்தால்தான் சதுரம் சரி.

கொட்டும்போது கலவை கெட்டியாக இருக்கிறது என்று யாராவது ஹோஸைத் தூக்கிக்கொண்டு வருவார். விடாதீர்கள். கூடுதல் தண்ணீர் வேலையை லேசாக்கும், கான்கிரீட்டின் பலத்தைத் தின்றுவிடும். தண்ணீர் காட்டவேண்டிய நேரம் பிறகு வரும். மேற்பரப்பு இறுகியதும் ஓரத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், இல்லையென்றால் ஈரச் சாக்குப் போட்டு மூடுங்கள், குறைந்தது ஏழு நாள். மூன்றாம் நாள் பார்த்தால் கல் மாதிரி இருக்கும், போதும் என்று தோன்றும். அதன் பலத்தைக் கணக்கிடுவதே 28 நாளில்தான், நடுவில் சாக்கைச் சுருட்டிவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.