ஞாயிற்றுக்கிழமை ஓடாதவர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வெகுகாலம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். என் விசுவாசத்துக்கு உயிர் கொடுத்தது எது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பிரசங்கம் என்று சொன்னால் எங்கள் ஆயர் சந்தோஷப்படுவார். ஆனால் அது ஒரு சினிமா.

1981-இல் வந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்'. சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் வாங்கியது. கடலோரத்தில் வெள்ளை உடுப்போடு, வெறுங்காலில் இளைஞர்கள் ஓடுவார்கள். படம் பார்க்காதவர்கள்கூட அந்த இசையை எங்காவது கேட்டிருப்பீர்கள். எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து சபை மண்டபத்தில் போட்டார்கள். அப்போது நான் கொயரில் பாடுவேன், கிறிஸ்துமஸுக்குப் புதுச்சட்டை போடுவேன். என் கிறிஸ்தவம் அதோடு சரி. ஓட்டப்பந்தயப் படம் என்றதால்தான் உட்கார்ந்தேன்.

படத்தின் நாயகர்களில் ஒருவர் எரிக் லிடெல், நிஜமாகவே வாழ்ந்த ஓட்டக்காரர். ஸ்காட்லாந்துக்காரர். மிஷனெரி பெற்றோருக்குச் சீனாவில் பிறந்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டருக்கு பிரிட்டன் இவரைத்தான் நம்பியிருந்தது. தகுதிச்சுற்றோ ஜூலை 6, ஞாயிறு. ஓய்வுநாளில் ஓட மாட்டேன் என்றுவிட்டார். படத்தில் இளவரசரும் பிரபுக்களும் ஓர் அறையில் வைத்து, நாட்டுக்காக ஓடக்கூடாதா என்று நெருக்குகிறார்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை. மேஜையைக் குத்தி வசனம் பேசினால்தான் வீரம் என்று பார்த்து வளர்ந்த எனக்கு, 'முடியாது' என்பதை இவ்வளவு தணிவாகவும் சொல்லலாமா என்று இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பாரிஸில் ஒரு தேவாலயத்தில் நின்று ஏசாயா 40-ஆம் அதிகாரம் வாசிப்பார். "அவர்கள் ஓடினாலும் இளைப்படையார்கள், நடந்தாலும் சோர்வடையார்கள்." ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசாக டிபன் பாக்ஸ் வாங்கிய வசனம் எனக்கு அது. அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

ஜூலை 11-ஆம் தேதி 400 மீட்டர். 47.6 வினாடி, ஒலிம்பிக் சாதனை, தங்கம். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைப் பிளந்து, கையைக் கண்டபடி வீசி ஓடுவார். என் பிள்ளைகள் யாராவது அப்படி ஓடினால் விசில் ஊதி நிறுத்தித் திருத்தியிருப்பேன்!

படத்தில் கப்பலேறும்போதுதான் அவருக்குத் தகுதிச்சுற்று ஞாயிறு என்று தெரியவருகிறது. நிஜத்தில் சில மாதங்களுக்கு முன்பே தெரியும். மறுத்துவிட்டு வீட்டில் உட்காரவில்லை, 400-க்குத் தயாரானார். 100 மீட்டர்காரனை 400 ஓடவிட்டால் கடைசி நூறில் கால் ஈயமாகிவிடும். அதைப் பழக்குவது தினசரி வதை. எனக்கு அந்த மாதங்கள்தான், கப்பல் காட்சியைவிட, பெரிதாகப் படுகின்றன.

பிற்பாடு எனக்கும் ஒரு மேஜை வந்தது. பதினாலு வயதுக்குட்பட்டோர் கபடி. டீமின் நல்ல ரைடருக்கு வயது பதினாறு. பிறந்த தேதியை மாற்றி எழுதிய படிவத்தை என் முன்னால் தள்ளினார்கள். "இன்னா சார், எல்லா ஸ்கூல்லயும் பண்றதுதானே? ஒரு கையெழுத்துதானே?" பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன், நடுங்குவது தெரியக்கூடாதே என்று. போடவில்லை. முதல் சுற்றிலேயே தோற்று வந்தோம். நிர்வாகத்தில் ஒருவர் வெகுநாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

லிடெலுக்குப் பந்தயத்துக்கு முன் ஒரு சீட்டு வந்ததாம்: "என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன்." அவருக்குத் தங்கம் வந்தது, எங்களுக்குக் கோப்பை வரவில்லை. ஆனால் அவர் கதை பாரிஸில் முடியவில்லையே. 1925-இல் சீனாவுக்கே ஊழியத்துக்குப் போனார். போரில் மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கனடாவுக்கு அனுப்பினார். மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை. 1945 பிப்ரவரியில், 43 வயதில், ஜப்பானியரின் தடுப்பு முகாமில் மூளைக்கட்டியால் இறந்தார். விசுவாசத்தை மெடலுக்கான முன்பணம் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பாதி பிடிப்பதில்லை.

அந்த முகாமில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி, விளையாட்டும் சொல்லிக்கொடுத்தார். ஞாயிறன்று ஆட்டம் கிடையாது என்றுதான் முதலில் இருந்தார். பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடப்போய் அடிதடியாக, மறுவாரம் ஞாயிற்றுக்கிழமையே நடுவராக வந்து நின்றாராம். அங்கே இருந்தவர்கள் பிறகு சொன்னது இது. தன் தங்கத்துக்காக உடைக்காத நாளை, அடுத்தவர் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்துக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஞாயிறுதான் பெரிய வியாபாரம். இருட்டோடு ஏலம் தொடங்கிவிடும். வஞ்சிரம் வாங்க ஊரே வரும். எங்கள் சபையில் மீன் விற்கும் ஓர் அக்கா சாயங்கால ஆராதனைக்குத்தான் வருவார், செதில் ஒட்டிய கையோடு. "காலையில ஏம்மா வரல? லிடெலைப் பாரு" என்று அந்த அக்காவிடமே ஒருவர் எனக்குப் பிடித்த இந்த சினிமாவைத் தூக்கிக் காட்டினார். அப்படிக் கேட்டவருக்கு அந்த ஹாக்கி ஆட்டத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இது படத்துல வர்லியே" என்றார்.

வராதுதான். படத்தின் முடிவில் அவர் சீனாவில் இறந்தார் என்று எழுத்தில் காட்டுவதோடு சரி. படம் பார்க்கிற இளைஞர்கள் அந்த முகாம் வாழ்க்கையையும் தேடிப் படியுங்கள். நன்றி, வணக்கம்.