வைஃபை ஃபுல்லாக இருக்கிறது, நெட் ஏன் நகர மாட்டேன் என்கிறது?

போனின் மேல்மூலையைப் பாருங்கள். வைஃபை குறி முழுசாக இருக்கிறது, ஒரு கோடுகூடக் குறையவில்லை. ஆனால் வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. உடனே என்ன செய்வோம்? இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்போம். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் குறி இன்டர்நெட்டைப் பற்றி எதையும் சொல்வதில்லை. போனுக்கும் ரௌட்டருக்கும் நடுவில் சிக்னல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டுகிறது. வெளியிலிருந்து ரௌட்டருக்கு வரும் கேபிளைக் கழற்றிப் போட்டாலும் குறி அப்படியே நிற்கும். சில போன்களில் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி வரும், அவ்வளவுதான்.

வணக்கம். கோளாறு வீட்டுக்குள்ளா வெளியிலா என்பதை நீங்களே கண்டுபிடிக்கும் வழியை இந்த வீடியோவில் காட்டப்போகிறேன். அதற்கு முன்னால், உங்கள் வைஃபைக்கும் ஹவாய் தீவுகளுக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொல்லியே ஆகவேண்டும்.

(திரையில்: இரண்டு கணினிகள், நடுவில் ஒரு கோடு)

முதலில் அடிப்படை, வேகமாக முடித்துவிடுவோம். இரண்டு சாதனங்கள் தகவல் பரிமாறிக்கொண்டால் அது நெட்வொர்க். அப்படிப்பட்ட நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று இணைந்தால் இன்டர்நெட். 1969 அக்டோபர் 29 அன்று கலிஃபோர்னியாவில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு 'லாகின்' என்று அனுப்பப் பார்த்தார்கள். முதல் இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்ததுமே அந்தப் பக்கத்துக் கணினி விழுந்துவிட்டது. அங்கிருந்து 1983 ஜனவரி 1க்கு வருவோம். அந்தக் கணினிகளில் ஆரம்பித்த நெட்வொர்க் முழுவதும் அன்றுதான் டிசிபி ஐபி விதிகளுக்கு, அதாவது கணினிகள் தகவலை எப்படிப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்ற பொது விதிகளுக்கு, மாறியது. இன்றும் அதே விதிகள்தான். நீங்கள் அனுப்பும் எதுவும் ஒரே துண்டாகப் போவதில்லை. பாக்கெட் பாக்கெட்டாகப் பிரிந்து போகிறது, ஒரு பாக்கெட் பெரும்பாலும் 1,500 பைட்டுக்குள். 5 எம்பி போட்டோ ஒன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாக்கெட்டுகளாகப் போய், அந்தப் பக்கத்தில் மறுபடி ஒன்றுசேர்கிறது.

சரி, வீட்டுக்குள் வருவோம். நாம் ரௌட்டர் என்று சொல்லும் பெட்டிக்குள் உண்மையில் பல வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. கேபிள் செருகும் துளைகள் ஸ்விட்ச்சுடையவை, அதாவது வீட்டுச் சாதனங்களைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் பகுதி. ஆன்டெனா வைஃபைக்கு. ரௌட்டர் வேலை என்பது வீட்டு நெட்வொர்க்கையும் வெளி நெட்வொர்க்கையும் இணைப்பது மட்டும். புதிதாக ஒரு போன் உள்ளே வந்தால் அதற்கு ஒரு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், கொடுப்பதும் இதே பெட்டிதான். பெரும்பாலும் 192.168 என்று ஆரம்பிக்கும் முகவரி.

இதே 192.168 உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் இருக்கிறது! பழைய ஐபி முறையில் மொத்த முகவரிகளே சுமார் 429 கோடிதான். உலகத்துக்கு அது போதாது என்பதால், வீட்டுக்குள் மட்டும் புழங்கச் சில முகவரிகளைத் தனியாக ஒதுக்கினார்கள். அவை வெளியே செல்லாது. வெளியே போகும் பாக்கெட்டில் ரௌட்டர் தன் பொது முகவரியை எழுதிவிட்டு, யாருக்கு எந்தப் பதில் வரவேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது. பதில் வந்ததும் பட்டியலைப் பார்த்து உரிய போனுக்குத் தள்ளுகிறது. இதை நொடிக்கு ஆயிரக்கணக்கில் செய்கிறது.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

(திரையில்: கடல், தீவுகள்)

ஹவாய் பல்கலைக்கழகம், 1971. கணினி ஒரு தீவில், பயன்படுத்துபவர்கள் பல தீவுகளில். நார்மன் ஆப்ரம்சன் என்ற பேராசிரியரின் குழு ரேடியோ வழியாக இவர்களை இணைக்கப் பார்த்தது. தீவுகளிலிருந்து அனுப்புபவர்கள் எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் குழம்பிப் பாழாகும். இதை எப்படிச் சமாளித்தார்கள்? ரொம்ப எளிமை. அனுப்பு. கிடைத்தது என்று பதில் வரவில்லையா, ஏதோ ஒரு நேரம் காத்திருந்துவிட்டு மறுபடி அனுப்பு. அந்த 'ஏதோ ஒரு நேரம்'தான் சூட்சுமம். இரண்டு பேரும் சரியாக ஒரே அளவு காத்திருந்தால் மறுபடி மோதிக்கொள்வார்கள். ஆளுக்கொரு அளவு காத்திருந்தால் ஒருவர் முந்திவிடுவார். இதற்கு அலோஹாநெட் என்று பெயர். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த அலைவரிசையில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். இந்த யோசனையை எடுத்துக்கொண்டுதான் 1973இல் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டை, அதாவது கணினிகளைக் கேபிளால் இணைக்கும் முறையை, வடிவமைத்தார். அனுப்புவதற்கு முன் கேட்டுப்பார், யாரும் பேசாவிட்டால் மட்டும் பேசு என்ற விதி அதில் சேர்ந்தது.

உங்கள் வைஃபை இந்தக் குடும்பத்தின் வாரிசு. ஓர் அறையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன், டிவி, லேப்டாப் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. ஒரு போன் அனுப்ப வேண்டுமென்றால் முதலில் காற்றைக் கேட்கிறது. அமைதியாக இருந்தால், 0 முதல் 15க்குள் ஏதோ ஓர் எண்ணை மனதில் நினைத்துக்கொண்டு கீழ்நோக்கி எண்ணுகிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் 9 மைக்ரோசெகண்ட். நடுவில் வேறு யாராவது பேச ஆரம்பித்தால் எண்ணுவதை நிறுத்திக் காத்திருக்கும். பூஜ்யம் வந்ததும் அனுப்பும். பதில் வராவிட்டால் அடுத்த முறை 31 வரைக்குமான எண்ணில் ஒன்று, அப்புறம் 63 வரை. இதை எல்லா சாதனங்களும், தலைவர் என்று யாரும் இல்லாமல், தாமாகவே மரியாதையாகச் செய்கின்றன! எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் அலுக்காத விஷயம்.

சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கடைசி அறையில், இரண்டு சுவர் தாண்டி, ஒரு பழைய டேப்லெட் இருக்கிறது. சிக்னல் பலவீனம் என்பதால் 6 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 6 மெகாபிட் வேகத்தில்தான் அதனால் பேச முடிகிறது. ஒரு பைட்டுக்கு 8 பிட், எனவே 1,500 பைட் பாக்கெட் என்றால் 12,000 பிட். ரௌட்டர் பக்கத்தில் 300 எம்பிபிஎஸ் வேகத்தில் இருக்கும் லேப்டாப் அதை 40 மைக்ரோசெகண்டில் முடித்துவிடும். அந்த டேப்லெட்டுக்கு 2,000 மைக்ரோசெகண்ட் வேண்டும். அதே பாக்கெட், 50 மடங்கு நேரம். அதுவரை மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். தூரத்தில் இருக்கும் ஒரு சாதனம் மொத்த வீட்டையும் மெதுவாக்குவது இப்படித்தான். வைஃபை 6 வந்த பிறகு, ஒரே சேனலைப் பிரித்துப் பலரோடு ஒரே நேரத்தில் பேச வழி இருக்கிறது, ஆனால் சாதனமும் அதற்கு ஏற்றதாக இருக்கவேண்டும்.

பக்கத்து வீட்டு ரௌட்டர் அதே சேனலில் இருந்தால் அவர்களும் இதே வரிசையில் நிற்கிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. 3ஆம் சேனல் காலியாகத் தெரிகிறதே என்று போகாதீர்கள், 1, 6 இரண்டோடும் மோதும். மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.4 பக்கத்தில்தான் ஓடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் நிறைய, ஆனால் சுவர் தாண்டினால் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

அதனால் என் உறுதியான கருத்து: நகராத சாதனத்துக்குக் கேபிள் போடுங்கள். டிவி, மேசைக் கணினி, கேம் கன்சோல் எல்லாம். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை 1 கிகாபிட் கொடுக்கும், அதில் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கும். பெரிய லாபம் என்னவென்றால், அந்த டிவி காற்றிலிருந்து விலகியதும் போன்களுக்கு முறை சீக்கிரம் வரும். ரௌட்டரை இரும்பு அலமாரிக்குள்ளும் டிவிக்குப் பின்னாலும் ஒளித்து வைக்காதீர்கள்.

(திரையில்: கறுப்புத் திரை, மின்னும் கர்சர்)

இப்போது பரிசோதனை. போனின் வைஃபை செட்டிங்கில் 'கேட்வே' என்று ஒரு முகவரி இருக்கும், அதுதான் உங்கள் ரௌட்டர். லேப்டாப்பை வைஃபையிலேயே வைத்துக்கொண்டு, விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் அல்லது மேக்கில் டெர்மினல் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த முகவரியைப் போடுங்கள். பிங் என்பது ஒரு சின்னச் செய்தியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் கட்டளை. விண்டோஸ் நான்கு முறை மட்டும் அனுப்பிவிட்டு நின்றுவிடும். சில மில்லிசெகண்டில் சீராகப் பதில் வந்தால் காற்று நன்றாக இருக்கிறது. 3, 5, 240, 4, 610 என்று எகிறினாலோ, சில பதில்கள் வராமலே போனாலோ, கோளாறு வீட்டுக்குள்தான். அப்புறம் அதேபோல 8.8.8.8க்குப் போடுங்கள். அது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர். ரௌட்டர் வரை சரி, இங்கே மட்டும் தகராறு என்றால் அப்போது தாராளமாக நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். இரண்டும் சரி, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் டிஎன்எஸ் கோளாறு, அதாவது பெயரை முகவரியாக மாற்றும் வேலையில் தடங்கல்.

தூரத்துச் சர்வரில் கேம் ஆடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 10,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய் வர 100 மில்லிசெகண்ட் கட்டாயம். எந்த பிளான் வாங்கினாலும் இது குறையாது. இன்னொன்று, 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. 8ஆல் வகுத்தால் டவுன்லோடில் நொடிக்கு 12.5 எம்பி, அதுதான் சரியான வேகம்.

ரௌட்டருக்கு ஒரு முறை, 8.8.8.8க்கு ஒரு முறை. இரண்டு எண்களையும், நீங்கள் எந்த அறையிலிருந்து பார்த்தீர்கள் என்பதையும் கமெண்டில் போடுங்கள். ரொம்ப எகிறும் எண்களாகப் பார்த்து அடுத்த வீடியோவில் ஒவ்வொன்றாக அலசுவோம்.