ஆறைப் பார்த்துச் சிரித்த ஏழு

எல்லோருக்கும் வணக்கம். உட்கார இடம் கிடைக்காதவர்கள் ஓரமாக நின்றுகொள்ளுங்கள். தொண்ணூறு நிமிடமெல்லாம் பேசமாட்டேன், ஆனால் இன்ஜுரி டைம் எவ்வளவு என்பது என் கையில் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இங்கிலாந்து கால்பந்து டீம் லிவர்பூலின் ரசிகன். மறைத்துவிட்டுப் பேசினால் நடுநிலையாளன் மாதிரி தெரியும், அந்த மாதிரி ஆள் நான் இல்லை. இன்றைக்கு ஒரே ஒரு வார இறுதியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 2020 அக்டோபர் 3, 4. சனி, ஞாயிறு. இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் 10 மேட்ச், 41 கோல். சந்தேகம் இருப்பவர்கள் நான் சொல்லச் சொல்லக் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

தன் டீம் ஆடும் மேட்சை மட்டும் பார்த்துவிட்டு டிவியை அணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் விருந்தாளி என்றுதான் சொல்வேன், வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். வார இறுதி முழுக்க உட்கார்ந்து எவன் ஜெயித்தான், எவன் தோற்றான், நமக்குப் பிடிக்காதவன் எப்படித் தோற்றான் என்று பார்க்கிறவன்தான் ரசிகன். நம் சந்தோஷத்தில் பாதி நம் டீம் கொடுப்பது, மீதிப் பாதி அடுத்தவன் டீம் கொடுப்பது. இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் கொஞ்சம் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அந்த வருடம் எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கும். கொரோனா. ஸ்டேடியம் முழுக்கக் காலி நாற்காலிகள். டிவியில் பழைய கூட்டத்தின் கூச்சலைப் பின்னணியில் ஓட விடுவார்கள், பந்து வெளியே போன பிறகும் அந்தக் கூச்சல் ஒரு நொடி கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும். அதை நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டுவது வரைக்கும் காதில் விழும். முந்தைய சீசன் ஜூலை கடைசியில் முடிந்து, செப்டம்பர் 12-ஆம் தேதியே அடுத்தது தொடங்கிவிட்டது. சரியான பயிற்சியும் இல்லை, ஓய்வும் இல்லை. கோல் மழைக்கு அதுதான் காரணம் என்று பலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் எல்லா டீமும்தான் அதே களைப்போடு ஆடின, வோல்வ்ஸும் ஃபுல்ஹாமும் ஆடிய மேட்சில் மட்டும் ஒரே ஒரு கோல்தானே விழுந்தது?

சரி, சனிக்கிழமை. செல்சி 4, கிரிஸ்டல் பேலஸ் 0, அதில் ஜார்ஜின்யோ மட்டும் இரண்டு பெனால்டி. எவர்ட்டன் 4, பிரைட்டன் 2. ஹாமெஸ் ரோட்ரிகெஸ் இரண்டு போட்டார். ஆன்செலோட்டியின் எவர்ட்டன் நாலு மேட்சில் நாலையும் ஜெயித்து முதலிடத்தில் போய் உட்கார்ந்தது, எங்கள் ஊர்க்காரப் பகையாளி என்பதால் அந்தப் பட்டியலை நான் அதிக நேரம் பார்க்கவில்லை. நியூகாசில் 3, பர்ன்லி 1.

ஆனால் அந்த வார இறுதியிலேயே நல்ல ஆட்டம் எது என்று என்னைக் கேட்டால், 41 கோலில் இரண்டே கோல் விழுந்த மேட்சைத்தான் சொல்வேன். லீட்ஸ் 1, மான்செஸ்டர் சிட்டி 1. 16 வருடம் கழித்து முதல் டிவிஷனுக்குத் திரும்பி வந்த லீட்ஸ். பயிற்சியாளர் பியெல்சா. எதிரே சிட்டி பயிற்சியாளர் கார்டியோலா. அவர் பயிற்சியாளர் ஆவதற்கு முன்னால் அர்ஜென்டினாவுக்கே போய் பியெல்சாவோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசியவர். குருவும் சிஷ்யனும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொட்டுகிற மழை. 17-ஆவது நிமிடத்தில் ஸ்டெர்லிங் கோல் போட்டதும் சிட்டி ஐந்தாறு போடப்போகிறது என்றுதான் நினைத்தேன். லீட்ஸ்காரர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, ஆளுக்கு ஆள் என்று பிடித்துக்கொண்டு ஓடினார்கள், ஓடினார்கள், ஓடிக்கொண்டே இருந்தார்கள். மாற்று ஆட்டக்காரராக வந்த ரோட்ரிகோ, கார்னரில் வந்த பந்தை சிட்டி கோல்கீப்பர் எடெர்சன் சரியாகப் பிடிக்காமல் விட்டதும் தட்டி உள்ளே தள்ளினார். மேட்ச் முடிந்தபோது பார்த்துக்கொண்டிருந்த எனக்கே மூச்சு வாங்கியது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். லெஸ்டர் 0, வெஸ்ட் ஹாம் 3. இதே லெஸ்டர்தான் முந்தின வாரம் சிட்டியை அவர்கள் சொந்த மைதானத்திலேயே 5-2 என்று அடித்துவிட்டு வந்தது. வெஸ்ட் ஹாம் பயிற்சியாளர் மோய்ஸ் கொரோனாவால் வீட்டில் தனிமையில் இருந்தார், அவர் பக்கத்தில் இல்லாமலேயே டீம் ஜெயித்தது, அதில் அவருக்குச் சந்தோஷமா வருத்தமா தெரியாது. சவுத்தாம்ப்டன் 2-0. ஆர்சனல் 2-1. வோல்வ்ஸ் 1-0, அதைத்தான் முன்பே சொன்னேன்.

அப்புறம் ஓல்ட் டிராஃபோர்டு. எங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காத மான்செஸ்டர் யுனைடெட், எதிரே டாட்டன்ஹாம். இரண்டாவது நிமிடத்திலேயே பெனால்டி, புரூனோ ஃபெர்னாண்டஸ், யுனைடெட் 1-0. நான் டிவி முன்னால் தலையில் கை வைத்துக்கொண்டேன். அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் தலைகீழ். பந்து யுனைடெட்டின் பெனால்டி ஏரியாவுக்குள் தத்தித் தத்தி வருகிறது, அதை எடுத்து வெளியே அடிக்க ஆளில்லை, ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்கிறார்கள், மகுவயர் தன் டீமின் லூக் ஷாவையே பிடித்து இழுக்கிறார், நடுவில் புகுந்து டாட்டன்ஹாமின் ந்டோம்பெலே அடித்துவிட்டார். அந்தச் சோர்விலிருந்து எழுவதற்குள் கேன் ஒரு ஃப்ரீ கிக்கை யாரும் எதிர்பாராமல் சட்டென்று எடுத்துக் கொடுக்க, சன் ஓடிப்போய் இரண்டாவதைப் போட்டார். ஏழு நிமிடம், மூன்று கோல். 28-ஆவது நிமிடத்தில் டாட்டன்ஹாமின் லமேலா கையால் யுனைடெட்டின் மார்ஷியல் கழுத்தில் இடிக்க, அவர் பதிலுக்கு முகத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார், லமேலா வெட்டிய வாழைமரம் மாதிரி சாய்ந்தார். மார்ஷியலுக்கு மட்டும் ரெட் கார்டு. நான் யுனைடெட் ரசிகனாக இருந்திருந்தால் ரிமோட்டை உடைத்திருப்பேன். இல்லை என்பதால் சிரித்தேன். கடைசியில் 6-1. 2018 டிசம்பரில் யுனைடெட் வேலையை விட்டுத் தூக்கிய அதே மொரின்யோதான் டாட்டன்ஹாம் பயிற்சியாளர். அவர் முகத்தைப் பார்த்தீர்களா, கல்யாண வீட்டு மாமனார் மாதிரி இருந்தது.

எனக்கு ஒரு நண்பன், யுனைடெட் வெறியன். அவனுக்கு மெசேஜ் அனுப்பினேன். வணக்கம் கிடையாது, எழுத்து கிடையாது. "6" என்று மட்டும்.

என் சிரிப்பின் ஆயுள் ஒரு மணி நேரம்கூட இல்லை. அடுத்த மேட்ச் வில்லா பார்க்கில், ஆஸ்டன் வில்லா, லிவர்பூல். நாங்கள் யார்? 99 பாயிண்ட் எடுத்த நடப்பு சாம்பியன். சீசனின் முதல் மூன்று மேட்சையும் ஜெயித்து வந்திருக்கிறோம். வில்லா யார்? முந்தின சீசனில் ஒரே ஒரு பாயிண்டில், கடைசி நாளில், கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பித்த டீம். எங்கள் கோல்கீப்பர் அலிசனுக்குத் தோளில் அடி, மானேயும் தியாகோவும் கொரோனாவில். பார்த்தீர்களா, சாக்கை முன்கூட்டியே எடுத்து வைக்கிறேன்.

நாலாவது நிமிடம். எங்கள் மாற்று கோல்கீப்பர் அட்ரியன் பாஸ் கொடுக்கிறார், நேராக வில்லாவின் கிரீலிஷ் காலுக்கு. கிரீலிஷ் வாட்கின்ஸுக்குக் கொடுத்தார், கோல். எங்கள் டிஃபென்ஸ் லைனை ஏறக்குறைய நடுக்கோட்டில் நிறுத்தி, எதிராளியை ஆஃப்சைடில், அதாவது பந்து வரும் முன்பே எங்கள் டிஃபென்ஸைத் தாண்டி நின்ற தப்பில், மாட்டவைப்பது அப்போதைய எங்கள் பயிற்சியாளர் கிளாப்பின் பாணி. முன்வரிசை ஓடி நெருக்கிப் பந்தைப் பிடுங்கும்வரைக்கும்தான் அது வீரம், நெருக்காவிட்டால் பின்னால் ஒரு பெரிய வயலைக் காலியாக விட்டுவிட்டுக் காவல்காரன் முன்வாசலில் நிற்கிற கதை. வாட்கின்ஸும் கிரீலிஷும் அந்த வயலில் அன்றைக்கு அறுவடை செய்தார்கள். இடைவேளைக்குள் வாட்கின்ஸ் மூன்று, பிரீமியர் லீக்கில் அவருடைய முதல் மூன்று கோல்களே அவைதான். ஸ்கோர் 4-1. மெக்கின், பார்க்லி, கிரீலிஷ் மூவரும் அடித்த பந்துகள் எங்கள் ஆட்கள்மேல் பட்டுத் திரும்பி உள்ளே போயின. ஒன்று பட்டால் அதிர்ஷ்டம் என்று புலம்பலாம், மூன்று பட்டால் நாம்தான் தப்பான இடத்தில் நிற்கிறோம் என்று அர்த்தம். எங்கள் சாலா இரண்டு போட்டார், யாருக்கு வேண்டும்? 7-2. லிவர்பூல் ஒரு மேட்சில் ஏழு வாங்கியது அதற்கு முன்னால் 1963-இல், டாட்டன்ஹாமிடம்.

கைப்பேசி அதிர்ந்தது. "7".

இதில் ஒன்றைப் பாருங்கள். வோல்வ்ஸ் ஒரு கோல் போட்டது, மூன்று பாயிண்ட். வில்லா ஏழு போட்டது, அதுவும் அதே மூன்று பாயிண்ட். அந்த ஆறு கோலும் ஏழு கோலும் பட்டியலுக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை, நமக்குத்தான், கலாய்ப்பதற்குத் தேவைப்பட்டது. அந்த சீசன் முடிவில் ஏழு போட்ட வில்லா 11-ஆவது இடம். ஆறு போட்ட டாட்டன்ஹாம் ஏழாவது, மொரின்யோவுக்கு ஏப்ரலிலேயே வேலை போய்விட்டது. ஆறு வாங்கிய யுனைடெட் இரண்டாவது. ஏழு வாங்கிய நாங்கள், டிஃபென்ஸின் தூணான வான் டைக் அடுத்த மேட்சிலேயே அடிபட்டு சீசன் முழுக்க இல்லாமல் போயும், மே மாதம் அலிசன் எதிர்க் கோல் வரைக்கும் ஓடிப்போய்த் தலையால் முட்டிப் போட்ட கோல் உட்பட என்னென்னவோ செய்து, மூன்றாவது.

பாக்கி ஒன்று இருந்தது அல்லவா, அதைச் சொல்லி முடிக்கிறேன். 2023 மார்ச் 5, ஞாயிற்றுக்கிழமை, ஆன்ஃபீல்டு. லிவர்பூல் 7, மான்செஸ்டர் யுனைடெட் 0. ஃபிர்மினோ ஏழாவதைப் போடும்போதே கைப்பேசி என் கையில் தயார். "7" என்று அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று காட்டியது, பதில் இல்லை. திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை, வெள்ளிக்கிழமை வரைக்கும் இல்லை.

சனிக்கிழமை நாங்கள் போர்ன்மத் போனோம். ஆகஸ்டில் நாங்கள் 9-0 என்று வெளுத்து அனுப்பிய அதே போர்ன்மத். சாலா பெனால்டியை வெளியே அடித்தார், நாங்கள் 1-0 என்று தோற்றோம். விசில் அடித்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, அவனிடமிருந்து வந்தது: "1".